அட்டையின் மறுபக்கம்

(கல்முனையில் விவசாயிகளும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

 

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சட்டைப் பைக்குள் அடங்குவது. ஜனாதிபதித் தேர்தற் காலத்தில் வீடு தேடி வருகின்ற சிற்றட்டையே அது. ஒரு பக்கத்தில் வேட்பாளரின் சிரித்த முகம், அருகே சின்னம், சின்னத்திற்கு நேரே புள்ளடி. மறுபக்கத்தில் நாட்காட்டி, அல்லது வெறும் வெள்ளை. பிள்ளைகள் இவற்றைச் சேர்த்து வைத்துத் தமக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். பெரியவர்களாகிய நாமோ தேர்தல் முடிந்த மறுநாளே குப்பையில் எறிகிறோம். பிள்ளைகள் செய்வதே அறிவுடைய செயல் என்பது என் துணிபு.

அமெரிக்காவிலே இது பழைய வழக்கம். 1860 பெப்ரவரி 27ஆம் நாள் நியூயோர்க்கில் மாத்தியூ பிராடி எடுத்த ஆபிரகாம் லிங்கனின் நிழற்படம், அட்டைகளில் பதிக்கப்பட்டு அவ்வாண்டுத் தேர்தலில் நாடெங்கும் பரவியது. லிங்கனை நேரிற் காணாதவர்கள் அட்டையிற் கண்டார்கள். 2022 டிசம்பரிலோ, மீண்டும் போட்டியிடப்போவதாக அறிவித்து ஒரு மாதம் ஆன டொனால்ட் டிரம்ப், தம்மை மாவீரனாகத் தீட்டிய அட்டைகளை ஒவ்வொன்றும் 99 டொலருக்கு விற்பனைக்கு விட்டார். கையில் பிடிக்கக்கூடிய அட்டைகளும் அல்ல அவை. கணினித் திரையில் மட்டும் காணக்கூடியவை. ஏறத்தாழ ஒரே நாளில் 45,000 அட்டைகளும் விற்றுத் தீர்ந்தன. அறிமுகப்படுத்த வந்த அட்டை, ஆராதனைக்குரிய பொருளாயிற்று!

நமக்கு அட்டை இலவசமாகத்தானே வருகிறது என்பீர்கள். இலவசமா? 2023ஆம் ஆண்டின் தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டத்தின்படி, 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளர் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் வரை செலவிடலாம் என வரையறுக்கப்பட்டது. வாக்காளர்களோ 1 கோடியே 71 இலட்சம் பேர். பெருக்கிப் பாருங்கள், 186 கோடி ரூபாய்க்கு மேல் வரும். அவ்வளவு செலவிட இடமுள்ள களத்தில் நம் கைக்கு வரும் அட்டையை நாம் வாசிக்க வேண்டாமா?

முகம் அட்டையில் இருக்கிறது. வாக்குறுதி எங்கே இருக்கிறது? 2019 நவம்பரில் மொட்டுச் சின்னத்தில் வென்ற கோத்தாபய ராஜபக்ஷவின் கொள்கை விளக்கம், இயற்கைப் பசளைக்குப் பத்தாண்டுகளில் மாறுவதாகக் கூறியது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பத்தாண்டு பதினெட்டு மாதமாகச் சுருங்கியது! அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போக வேலை தொடங்கிவிட்டது. நட்டம் யாருக்கு? அச்சடித்தவருக்கா, வயலில் இறங்கியவருக்கா? கொவிட் காலத்தில் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்படும் என்று எந்த அட்டையில் எழுதியிருந்தது? 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைக்கும்வரை அழுத தாய்மாரின் கண்ணீருக்கு எந்த நாட்காட்டியில் நாள் குறித்திருந்தது?

ஆதலால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அட்டைகளைச் சேருங்கள். வென்றவருடையதை மட்டுமன்று, தோற்றவருடையதையும் சேருங்கள். 2024இல் வாக்குச்சீட்டில் இருந்தவை திசைகாட்டி, தொலைபேசி, எரிவாயு உருளை, மொட்டு, சங்கு என எத்தனை சின்னங்கள்! ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் ஒட்டுங்கள். அதன் கீழே அவர் பசளைக்கும் நெல் விலைக்கும் காணிக்கும் மொழிக்கும் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ஓராண்டு கழித்து என்ன நடந்தது என்று எழுதுங்கள். எழுத்தறிந்த ஆசிரியர் எழுதட்டும். விளைச்சல் அறிந்த விவசாயி சொல்லட்டும்.

அந்தக் கொப்பியை ஒரு வீட்டில் மட்டும் வையாதீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது, மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடு நம் ஏடுகளும் போயின. ஆகவே ஒரு பிரதி பாடசாலையில், ஒரு பிரதி நூலகத்தில் இருக்கட்டும்.

1982 முதல் 2024 வரை ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்களில் இந்நாடு புள்ளடியிட்டிருக்கிறது. பத்தாவது தேர்தலுக்கு வாக்குக் கேட்டு ஒருவர் நம் வாசலுக்கு வருவார். புதிய அட்டையொன்றை நீட்டுவார். அப்போது நாம் பழைய கொப்பியை அவர்முன் விரித்து வைப்போம். முன்பக்கம் அவர்கள் அச்சடித்தது. மறுபக்கத்தை எழுதும் உரிமை நம்முடையது. அந்த உரிமையை இழவாதிருப்போம்.