தட்டினால் சரியாகுமா?

(பங்கு விழாவையொட்டி நடந்த கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



விழா என்றால் கனமான சொற்பொழிவுகளுக்குக் குறைவிருக்காது. அவற்றுக்கிடையே சற்று வாய்விட்டுச் சிரிப்பதற்கும் நேரம் ஒதுக்குவது நல்லது. ஆகவே நாம் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், பழைய கணிப்பொறிகளுக்கு மனிதர்கள் தாமாகவே செய்து பார்த்த கைவைத்தியங்கள். சிரிப்போம், சிரித்து முடித்தபின் ஒரு கேள்வியையும் கேட்போம்.

கைவைத்தியம் நமக்குப் புதிதன்று. வானொலிப் பெட்டி கரகரத்தால் அதன் தலையில் ஓர் அடி. தொலைக்காட்சியில் படம் உருண்டால் பக்கவாட்டில் இரண்டு அடி. ஒருவர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, மற்றொருவர் கீழேயிருந்து, “வந்திடுச்சு, வந்திடுச்சு... ஐயோ, போயிடுச்சு!” என்று நேர்முக வர்ணனை கொடுத்த காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் வீட்டுக்குக் கணிப்பொறி வந்தது. பெட்டி மாறியது, அடிக்கும் கை மாறவில்லை.

கணிப்பொறியைப் பற்றிய வேடிக்கைப் பேச்சுகளும் கூடவே வந்தன. 1980களிலும் 1990களிலும் நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் கணிப்பொறி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைய வேண்டும். உள்ளே தூசி போகக் கூடாது என்பதற்காக வந்த கட்டளை அது. மாணவர்களோ, “வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்” என்று அதற்கு விளக்கம் சொல்லிச் சிரித்தார்கள். வைரஸ் வந்த கணிப்பொறிக்கு வேப்பிலை கட்டச் சொன்னவர்களும், மெதுவாக ஓடும் கணிப்பொறிக்குச் சுக்குக் கஷாயம் சிபாரிசு செய்தவர்களும் அந்த வகுப்பைச் சேர்ந்தவர்களே.

ஆனால் நாம் கட்டிவிடும் கதைகளைக் காட்டிலும், நடந்த வரலாறே அதிக வேடிக்கையானது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் ‘ஆப்பிள் 3’ என்ற கணிப்பொறியை வெளியிட்டது. விலை 4,000 டாலருக்கும் அதிகம். அதில் விசிறி வைக்கப்படவில்லை. கணிப்பொறி சூடேறுவதும் ஆறுவதுமாக இருந்ததில் உள்ளிருந்த சில்லுகள் தம் இருக்கைகளை விட்டு மெல்லக் கழன்றுகொண்டன. அதற்கு அந்த நிறுவனத்தாரே சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? கணிப்பொறியை மேசையிலிருந்து சில அங்குலம் தூக்கி, அப்படியே கீழே போடுங்கள் என்பதுதான்! விழுந்த அதிர்ச்சியில் சில்லுகள் மீண்டும் இருக்கையில் போய் உட்கார்ந்தன, கணிப்பொறியும் ஓடியது. எனினும், கீழே போட்டு ஓட்ட வேண்டிய பொருளை எத்தனை நாள் விற்க முடியும்? 1981இல் திருத்திய வடிவம் வந்தது. 1984இல் ஆப்பிள் 3 விடைபெற்றது.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘மார்க் 2’ என்ற மாபெரும் கணிப்பொறி மக்கர் செய்தது. பழுது பார்த்தவர்கள், உள்ளிருந்த மின்விசை இணைப்பு ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடப்பதைக் கண்டார்கள். அதை எடுத்துக் குறிப்பேட்டில் பசைநாடாவால் ஒட்டி, பூச்சியை உண்மையாகவே கண்டுபிடித்த முதல் நிகழ்வு என்று எழுதியும் வைத்தார்கள். எந்திரக் கோளாறைப் ‘பூச்சி’ என்று சொல்வது அதற்கு வெகுகாலம் முன்பே பொறியாளர்களிடையே இருந்த வழக்கம். அன்று நிசமான பூச்சியே அகப்பட்டதுதான் அவர்களுக்கு வேடிக்கை. அந்தக் குறிப்பேட்டை, பூச்சியோடு சேர்த்து, வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள்.

இனி வீட்டு வைத்தியங்களுக்கு வருவோம். கணிப்பொறி உயிர் பெறாவிட்டால், நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் தங்கப் பூச்சுள்ள விளிம்பைப் பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவது நம் ஊர்ப் பழுதுக்கடைகளில் கண்கூடு. பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அழுக்கு நீங்கி மின்தொடர்பு கிடைப்பதால் பலமுறை பலிக்கிறது. அளவுக்கு மீறித் தேய்த்தால் அழுக்கோடு தங்கப் பூச்சும் போய்விடும்.

1980களின் இறுதியில் வந்த ஹார்டு டிஸ்க்குகள் சிலவற்றில் வேறொரு நோய் இருந்தது. தகவலைப் படிக்கும் முனை, சுழலும் தட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும், தட்டு சுழலாது. டிஸ்க்கைக் கையில் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினால் ஒட்டியது விடுபடும். அடுத்து வந்தது குளிர்பதனப் பெட்டி வைத்தியம். கெட்டுப்போன டிஸ்க்கைப் பையில் சுற்றி, மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் ஓர் இரவு வைப்பது! குளிரில் உலோகம் சுருங்கி, சிக்கியது விடுபடும் என்பது எண்ணம். அப்படிப் பிழைத்ததாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் வெளியே எடுத்தவுடன், குளிர்ந்த பாட்டிலில் முத்து முத்தாக நீர் கோப்பதுபோல டிஸ்க்கின் உள்ளேயும் ஈரம் படியலாம். அந்தத் துளி ஈரம் போதும், எஞ்சியிருந்ததையும் அழித்துவிட.

போர்வை வைத்தியமும் உண்டு. 2005இல் வந்த ‘எக்ஸ்பாக்ஸ் 360’ என்ற விளையாட்டுக் கணிப்பொறி பலருக்குச் சிவப்பு விளக்கைக் காட்டிச் செயலிழந்தது. காய்ச்சல்காரரைக் கம்பளியால் போர்த்தி வேர்க்க வைப்பதுபோல, சிலர் அதைத் துண்டுகளால் சுற்றி ஓடவிட்டார்கள். சற்றுநேரம் அது பிழைத்தது; பிறகு மீண்டும் படுத்தது. சூடேறி ஆறி ஈயப்பற்று விரிந்ததுதான் நோய். அந்த நோய்க்கு மேலும் சூட்டையே மருந்தாகக் கொடுத்தார்கள்! தீப்பற்றும் அபாயம் வேறு. 2007இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டித்து, அதற்கென 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டி வந்தது.

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறோம். தட்டினால் சரியாகுமா? இதற்கு விடை பூமியில் இல்லை. நிலவுக்கு அருகே இருக்கிறது.

1971 பிப்ரவரி 5. அப்பல்லோ 14 பயணத்தில் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் நிலவில் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ‘இறங்குவதைக் கைவிடு’ என்று கட்டளையிடும் பொத்தானை யாரும் தொடவில்லை. ஆயினும் அது அழுத்தப்பட்டதாகக் கணிப்பொறிக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தது. இறங்கும் வழியில் அப்படி நேர்ந்தால், கணிப்பொறி கலத்தை மீண்டும் மேலே கிளப்பிவிடும். பூமியிலிருந்து வந்த யோசனை என்ன? பொத்தானுக்கு அருகே பலகையைத் தட்டிப் பாருங்கள் என்பதே! தட்டினார்கள்; பொய்ச் செய்தி மறைந்தது. சற்று நேரத்தில் திரும்பவும் வந்தது.

அந்தத் தட்டல் பழுதை நீக்கவில்லை. ஆனால் பழுது எங்கே என்பதைக் காட்டிக்கொடுத்தது. பொத்தானுக்குள் ஏதோ ஒரு துணுக்கு மிதக்கிறது, பெரும்பாலும் ஈயப்பற்றின் சிறு துகள், என்று ஊகித்தார்கள். பிறகு அவர்கள் தட்டிக்கொண்டே நிலவில் இறங்க முற்படவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த டான் ஐல்ஸ் என்ற இளைஞர், அந்தப் பொத்தானைக் கணிப்பொறி பொருட்படுத்தாதிருக்க ஒரு வழியை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வகுத்துக் கொடுத்தார். வீரர்கள் விசைகளைத் தட்டி அதைப் பதித்தார்கள், பத்திரமாக இறங்கினார்கள்.

அன்பர்களே, கைவைத்தியம் பலித்தால் நோய் தீர்ந்ததென்று பொருளல்ல; நோய் தன் இருப்பிடத்தைச் சொல்லிவிட்டதென்று பொருள். “சரியாகிவிட்டது” என்று தூங்கப் போகிறவர் மறுநாள் இழக்கிறார். “ஏன் சரியானது?” என்று கேட்கிறவரே பிழைக்கிறார்.

இழப்பது என்ன? பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம். ஆனால் அதற்குள்தான் நம் பிள்ளைகளின் திருமணப் படங்களும், மறைந்த பெற்றோரின் குரல்களும், வேறெங்கும் பிரதியில்லாத கணக்குகளும் கிடக்கின்றன. ஆகவே ஒரு தட்டுத் தட்டிக் கணிப்பொறி ஓடிவிட்டால், அது நமக்குக் கிடைத்த தவணை. அந்த நேரத்திலேயே வேண்டியவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுவோம். டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தமிட்டால் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுப்போம்.

இன்னொன்றும் உண்டு; இதில் மட்டும் சிரிப்பு வேண்டாம். பழைய கண்ணாடிக்குழாய்த் திரைக்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது தங்கியிருக்கக் கூடும். நம் வீட்டு 230 வோல்ட்டைப் பெறும் மின்வழங்கிப் பெட்டிக்குள்ளும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ஆர்வமுள்ள நம் பிள்ளைகள் திருப்புளியைக் கையில் எடுக்கட்டும், அது நல்லதே. ஆனால் அந்த இரண்டு பெட்டிகளையும் மட்டும் திறக்க விட வேண்டாம்.

மற்றபடி, தாத்தா கணிப்பொறியைத் தட்டினால் பேரப்பிள்ளைகள் சிரிக்கட்டும். சிரித்த கையோடு, “தாத்தா, தட்டினதும் ஏன் ஓடுச்சு?” என்று கேட்கவும் கேட்கட்டும். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால், அந்த வீட்டில் ஒரு நல்ல பழுதுபார்ப்பவர் உருவாகிறார் என்று நாம் மகிழலாம்.