புள்ளியும் வட்டமும்



இராயபுரம் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கும் பூகோளமும் என் பாடங்கள். நம் நாட்டில் இன்றும் நிற்கின்ற ரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது அந்த இராயபுரம் நிலையம். 1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அது திறக்கப்பட்டது. ஜூலை முதல் நாள் அங்கிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதற் பயணிகள் வண்டி ஓடிற்று.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள், ஏழாம் வகுப்பில் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சுவரில் தொங்கிய படத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே செல்லும் கொங்கண் இருப்புப்பாதையைப் பிரம்பால் தொட்டுக் காட்டினேன். பின் வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "நீங்க அந்த ரயில்ல போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். அது மெய்யான விடைதான். எனினும் ஓர் ஆசிரியனுக்கு இனிக்கும் விடை அன்று. தண்டையார்பேட்டைக்குச் செல்லும் சரக்கு வண்டிகளின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் அவ்வண்டிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் படத்தில் மட்டுமே கண்டிருந்தேன். என்றேனும் ஒரு நாள் போய்ப் பார்ப்பேன் என்று அன்றே மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பின் அந்த எண்ணம் மீண்டும் தலையெடுத்தது. என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இன்னும் சில ஆண்டுகள் கழித்தால் ரயில் பெட்டியின் படிகளில் அவரால் ஏற இயலுமோ இயலாதோ! ஆகவே காலம் தாழ்த்துவதற்கில்லை. முதியோர்க்கு முன்பு ரயில் கட்டணத்தில் சலுகை இருந்தது. அது 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்டது. ஓய்வூதியத்தில் வாழ்பவன் வேறு வழி தேட வேண்டியவனானேன்.

அப்பொழுதுதான் கிரெடிட் கார்டு என்று வழங்கும் கடன் அட்டை ஒன்று என் கைக்கு வந்தது. ரயில் பயணிகளுக்கென்றே சில வங்கிகள் இத்தகைய அட்டைகளை வெளியிடுகின்றன. அட்டையைக் கொண்டு பொருள் வாங்கினால் நம் கணக்கில் புள்ளிகள் சேரும். சேர்ந்த புள்ளிகளைப் பணமாகக் கொண்டு ரயில் சீட்டுப் பெறலாம். என் அட்டையின் விதி இது: 125 ரூபாய் செலவுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு மதிப்பு ஒரு ரூபாய், புள்ளிக்கு ஆயுள் இரண்டு ஆண்டு.

மாணவர்களே, இங்கே சற்று நின்று கணக்குப் போடுங்கள். 125 ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்றால் நூறு ரூபாய்க்கு எண்பது காசு. மளிகை, மருந்து முதலிய வீட்டுச் செலவுகளுக்காக மாதம் 12,500 ரூபாயை அட்டை வழியே செலுத்தினேன். மாதத்துக்கு 100 புள்ளிகள் வந்தன. இரண்டு ஆண்டுகளில் 2,400 புள்ளிகள். இதற்காக என் கையை விட்டுப் போன தொகை மூன்று இலட்சம் ரூபாய்! எப்படியும் செய்தே தீர வேண்டிய செலவுகள் ஆதலால் அந்த 2,400 ரூபாய் எனக்கு ஆதாயம்தான். ஆனால் புள்ளிக்காகவே ஒருவன் செலவு செய்யப் புகுந்தால் என்ன ஆகும்? அதையும் நானே செய்து பார்த்தேன். வெட்கத்தோடு சொல்லுகிறேன், கேளுங்கள்.

வீட்டில் நல்ல நிலையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. இருந்தும் புள்ளி ஆசையால் 25,000 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கினேன். இருநூறு புள்ளிகள் வந்தன. அந்தத் தொகையைக் குறித்த நாளில் கட்ட முடியாமல் ஒரு மாதம் தவறினேன். அட்டைக் கடனுக்கு வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய். வட்டி மட்டும் 875 ரூபாய் ஆயிற்று. தாமதக் கட்டணம் அதற்கு மேல். என் மனைவி கணக்குச் சீட்டைப் பார்த்தார். "வந்தது இருநூறு, போனது எண்ணூற்றுச் சொச்சம். நீங்கதானே கணக்கு வாத்தியார்?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. எண்பது காசு ஒரு முறை வருவது. மூன்றரை ரூபாய் கடன் தீரும் வரை மாதந்தோறும் போவது. இவ்விரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கத் தெரியாதவன் அட்டையைத் தொடாதிருத்தல் நலம்.

இவ்வாறு சேர்ந்தவை 2,600 புள்ளிகள். இரண்டு ஆண்டு முடியும் தறுவாயில் இருந்ததால், முதலில் சேர்ந்தவை மறையத் தொடங்கும் நாளும் நெருங்கிற்று. இனித் திட்டமிட வேண்டும். ரயில் கால அட்டவணையையும், பழைய இந்தியப் படத்தையும், ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சென்ற வழியே திரும்பாமல் வட்டமாகச் சுற்றி வர வேண்டும் என்பது என் முதல் முடிவு. சென்னையிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்வது முதற் கட்டம். அந்த மலைப்பாதை 1904ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பின்னர் அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018ஆம் ஆண்டு மீண்டும் வண்டிகள் ஓடலாயின. தென்மலைக்கு அருகே பதின்மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலம் அப்பாதையின் அணிகலன். கொல்லத்திலிருந்து எர்ணாகுளம், சோரனூர், கோழிக்கோடு வழியே மங்களூர் செல்வது இரண்டாம் கட்டம்.

மூன்றாம் கட்டமே நான் பிரம்பால் காட்டிய கோடு. மங்களூரை அடுத்த தோக்கூரிலிருந்து ரோஹா வரை 741 கிலோமீட்டர் நீளமுள்ள கொங்கண் இருப்புப்பாதை, 1998ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் முழுமையும் நாட்டுக்கு வழங்கப்பட்டது. அதைக் கட்டி முடித்த பொறியாளர் குழுவின் தலைவர் ஸ்ரீதரன் அவர்கள். இரத்தினகிரிக்கு அருகே பன்வல் ஆற்றின் மேல் செல்லும் பாலம் 64 மீட்டர் உயரம். கர்புடே என்னுமிடத்துச் சுரங்கம் ஆறரைக் கிலோமீட்டர் நீளம். மும்பையிலிருந்து புனே, இராய்ச்சூர், குந்தக்கல், அரக்கோணம் வழியே சென்னைக்குத் திரும்புவது நான்காம் கட்டம். மொத்தம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர்.

வழி அமைந்ததும் காலத்தைப் பார்த்தேன். காட்சிக்காகப் போகிறவன் இருட்டில் போய்ப் பயனில்லை. மங்களூரிலிருந்து மும்பைக்குப் பிற்பகலில் புறப்படும் வண்டியில் ஏறினால் இரத்தினகிரிப் பாலத்தை இரவில் தூக்கத்தில் கடப்போம். ஆகவே மட்காவில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து காலையில் மும்பைக்குப் புறப்படும் மாண்டவி விரைவு வண்டியைத் தேர்ந்தேன். வடக்கு நோக்கிச் செல்கையில் கடல் இடப்புறம், மலை வலப்புறம். குளிர்சாதனப் பெட்டியின் மூடிய கண்ணாடியைவிடத் திறந்த சன்னலே எங்களுக்கு ஏற்றது. மழைக்காலத்தில் அப்பாதையில் வண்டிகள் வேகம் குறைத்துத் தனி அட்டவணைப்படி ஓடும். எனவே மழை ஓய்ந்தபின் செல்வதென்று குறித்தேன்.

அடுத்தது முன்பதிவு. 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல், பயண நாளுக்கு அறுபது நாள் முன்னர்தான் பதிவு தொடங்குகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் பதிவு தொடங்கும் நாள் வேறு வேறு. அந்நாள்களைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஒரு வண்டி தாமதமானால் அடுத்த வண்டி தவறிவிடாதிருக்க, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஒரு நாள் ஓய்வு வைத்தேன். என் மனைவியின் முழங்காலுக்கும் அது நல்லது.

இந்நிலையில்தான் ரயில்வேயின் பழைய ஏற்பாடு ஒன்று கண்ணிற் பட்டது. அதற்குச் சுற்றுப் பயணச் சீட்டு என்று பெயர். ஓரிடத்தில் புறப்பட்டு, வேறு வழியாகச் சுற்றி, அதே இடத்துக்குத் திரும்புவோர்க்கு முழு வழிக்கும் ஒரே சீட்டு. நடுவே எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். மொத்தத் தொலைவைச் சரிபாதியாக்கி, இரண்டு ஒருவழிப் பயணங்களாகக் கட்டணம் கணக்கிடுவர்.

இதனால் என்ன ஆதாயம்? காசிமேட்டில் வஞ்சிர மீனை முழுதாக வாங்கினால் கிலோ ஒரு விலை. துண்டு போட்டு வாங்கினால் கூடுதல் விலை. ரயில் கட்டணமும் அவ்வாறே. தொலைவு கூடக் கூடக் கிலோமீட்டருக்குரிய விகிதம் குறையும். நான்கு துண்டுகளாக நான்கு சீட்டு வாங்கினால் துண்டு விலை. சுற்றுச் சீட்டு வாங்கினால் முழு மீனின் விலை.

ஆனால் ஒரு சிக்கல். புள்ளிகளைக் கொண்டு இணையத்தில் மட்டுமே சீட்டு வாங்க முடியும். சுற்றுச் சீட்டோ இணையத்தில் கிடைப்பதன்று. வழித்திட்டத்தை எழுதி ரயில் நிலையத்தில் நேரில் விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்தபின் ஒவ்வொரு வண்டிக்கும் இடம் பதிந்துகொள்ள வேண்டும். ஒன்றைக் கொண்டால் மற்றொன்று இல்லை. இரண்டையும் தாளில் எழுதிக் கூட்டிக் கழித்தேன். சுற்றுச் சீட்டால் எங்கள் இருவர்க்கும் மிஞ்சுவதைவிடப் புள்ளிகளின் மதிப்பு கூடுதலாக இருந்தது. மேலும் புள்ளிகள் மறையும் நாள் நெருங்கிவிட்டது. ஆகவே நான்கு தனிச் சீட்டுகளாகவே வாங்கினேன். புள்ளிகள் தீர்ந்தபின் நின்ற மிச்சத்தைக் கையிருப்பிலிருந்து கொடுத்தேன். முதியோர்க்குரிய கீழ்ப் படுக்கையும் கிடைத்தது.

எனினும் உங்களுக்கு நான் சொல்லும் அறிவுரை வேறு. மூன்று இலட்சம் செலவிட்டுப் பெறும் புள்ளியை நாடி நீங்கள் அட்டையின் பின்னே ஓட வேண்டா. படத்தைப் பார்த்து ஒரு வட்டம் வரையவும், கால அட்டவணையைப் படிக்கவும் தெரிந்தவனுக்குச் சுற்றுச் சீட்டு என்னும் சலுகை கடன் இன்றியே கிடைக்கிறது. கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்க்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. உங்கள் தலைமையாசிரியரைக் கேளுங்கள். செலவு செய்தவனுக்குக் கிடைக்கும் பரிசு சிறிது. சிந்தித்துத் திட்டமிட்டவனுக்குக் கிடைக்கும் பரிசு பெரிது.

இன்னும் பத்து நாளில் நாங்கள் புறப்படுகிறோம். திரும்பி வரும் நான்காம் கட்டத்தைப் பற்றி ஒரு சொல். மும்பையிலிருந்து தெற்கே வந்த பாதையும், சென்னையிலிருந்து வடமேற்கே சென்ற பாதையும் 1871ஆம் ஆண்டு இராய்ச்சூரில் ஒன்று சேர்ந்தன. சென்னைப் பாதை அந்நாளில் தொடங்கிய இடம் வேறெதுவும் அன்று, நம் இராயபுரமே! முப்பத்தைந்து ஆண்டுகள் எந்த நிலையத்தின் அருகில் நின்று பாடம் சொன்னேனோ, அந்த நிலையத்தின் பழைய பாதை வழியேதான் என் வட்டம் முடியப்போகிறது.

அன்று வகுப்பில் வினவிய சிறுமி இன்று பெரியவளாகி எங்கோ வாழ்கிறாள். இப்பேச்சு அவள் செவியில் விழுமாயின், அவள் கேட்ட கேள்விக்கு விடை எழுத அவளுடைய ஆசிரியர் இப்பொழுதுதான் புறப்பட்டிருக்கிறார் என்று அறிந்துகொள்ளட்டும்.