போகும் நேரமும் திரும்பும் நேரமும்

லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் போக ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். அங்கிருந்து திரும்பி வர 7 மணி நேரம் போதும். சில நாட்களில் அதற்கும் குறைவு. தூரம் அதேதான். நடுவில் இருக்கும் அட்லாண்டிக் கடலும் அதேதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பூமி சுற்றுவதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. ஓடும் ரயிலில் உட்கார்ந்து ஒரு எலுமிச்சம்பழத்தை மேலே தூக்கிப் போட்டுப் பாருங்கள். பின்னால் போய் விழாது. உங்கள் கையிலேயே விழும். ரயிலோடு பழமும் போகிறது இல்லையா? அதுபோல, பூமியோடு காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது.

காரணம் மேல்காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, ஆறு மாதிரி ஒரு வேகக் காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். போகும்போது தொடை வலிக்கும். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். அதனால் லண்டனுக்கு வரும் விமானங்கள் இந்தக் காற்றைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. நியூயார்க் போகும் விமானங்கள், கொஞ்சம் சுற்றானாலும் சரி என்று, விலகிப் போகின்றன.

குளிர்காலத்தில் இந்தக் காற்றுக்கு வலு அதிகம். 2020 பிப்ரவரியில், புயல் வீசிய ஒரு வார இறுதியில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு பயணிகள் விமானம் 5 மணி நேரம் ஆகும் முன்பே லண்டன் ஹீத்ரோவில் இறங்கிவிட்டது.