புது வீட்டில் முதல் நாள்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





யத்தீம் பிள்ளைகள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது உணவு, உடை, பள்ளிக் கட்டணம், பெருநாள் துணி. அல்ஹம்துலில்லாஹ், அந்தக் காரியங்கள் நம் ஊரில் குறைவின்றி நடக்கின்றன. இன்று நான் பேச வந்தது, ஆதரவற்ற ஒரு பிள்ளையை நம் வீட்டுக்குள்ளேயே அழைத்து வந்து வளர்ப்பதைப் பற்றி. அதிலும் முதல் நாளைப் பற்றி. காரணம், பல வருடங்கள் ஏங்கி, துஆ செய்து, கடைசியில் பிள்ளையைக் கையில் வாங்குகிற குடும்பங்கள் அந்த நாளுக்குத்தான் தயாராக இல்லாமல் போகின்றன.

மூஸா (அலை) அவர்களின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் மிதந்து வந்த குழந்தை ஃபிர்அவ்னின் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபிர்அவ்னின் மனைவி ஆசியா அம்மையார் அந்தக் குழந்தையைக் கண்குளிர்ச்சியாக ஏற்றுக்கொண்டார்கள். அங்கே எதற்குக் குறை? ஆனாலும் குழந்தை எந்தச் செவிலித்தாயிடமும் பால் குடிக்கவில்லை. சூரா கஸஸில் அல்லாஹ் இதைச் சொல்லிக் காட்டுகிறான். தாயிடமே குழந்தையைத் திருப்பிச் சேர்ப்பது அல்லாஹ்வின் ஏற்பாடு. அதோடு நமக்கும் அதில் ஒரு படிப்பினை இருக்கிறது. அன்பும் வசதியும் நிறைந்த வீட்டுக்கு வந்தாலும், பச்சைக் குழந்தை தான் விட்டு வந்ததைத் தேடும். அது நம்மை வெறுக்கிறது என்று அர்த்தமில்லை.

என் தங்கையும் மச்சானும் வேலை நிமித்தம் மொராக்கோ நாட்டில், காசாபிளாங்கா நகரில் குடியிருந்தவர்கள். திருமணமாகி நெடுநாள் பிள்ளை இல்லை. அங்கே கஃபாலா முறையில் ஒரு பெண் குழந்தையைப் பொறுப்பேற்றார்கள். குழந்தையின் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவளுடைய கதையை ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்வாள். முதல் நாளைப் பற்றி மட்டும் பெற்றோரின் சம்மதத்தோடு சொல்கிறேன்.

கஃபாலா என்ற சொல்லின் வேர் குர்ஆனிலேயே இருக்கிறது. மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) பொறுப்பேற்று வளர்த்ததை அல்லாஹ் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறான். மொராக்கோவில் இதற்கென்று 2002ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். 15-01 என்பது அதன் எண். பெற்ற தகப்பன் தன் பிள்ளையைப் பார்ப்பதுபோல் காத்து, வளர்த்து, செலவு செய்யும் கடமையை அது சுமத்துகிறது. வம்சாவளி மாறாது, வாரிசுரிமை தானாக வராது. பொறுப்பேற்பவர்கள் முஸ்லிம்களாக இருக்க வேண்டும். குடும்ப நிலையை விசாரித்துத்தான் நீதிபதி உத்தரவு தருவார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது கடந்துவிட்டால் அதன் சம்மதமும் வேண்டும். நிரந்தரமாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போக நீதிபதியின் தனி அனுமதி தேவை. ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 20ஆம் பிரிவும் கஃபாலாவைப் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது.

காகிதங்கள் எல்லாம் முடிந்து ஒரு காலைப் பொழுதில் இல்லத்துக்குப் போனார்கள். குழந்தைக்குப் பதினான்கு மாதம். அதுவரை வளர்த்த பணிப்பெண் அவளைத் தூக்கி வந்து, உச்சி முகர்ந்து, என் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குழந்தை அழவே இல்லை. வண்டியிலும் அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா, "எவ்வளவு சமத்துப் பிள்ளை!" என்று மெச்சினார்.

மச்சான் ஏற்கெனவே குழந்தை மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்தார். விடுதியில் பல பிள்ளைகளோடு வளரும் குழந்தை, அழுதால் உடனே யாரும் வர மாட்டார்கள் என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொள்ளும். பிறகு அழுவதையே குறைத்துக்கொள்ளும். பயந்துபோன குழந்தையும் அப்படியே உறைந்து அமைதியாக இருக்கும். அந்த அமைதியைச் சமத்து என்று எண்ணிவிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான்காம் நாள் இரவு அவள் வீடு அதிர அழுதாள். என் தங்கை தொலைபேசியில் "அண்ணே, பிள்ளை அழுதுட்டா, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அழுதால் ஆள் வரும் என்று அந்தப் பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

முதல் நாள் மதியம் கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டாள். போதும் என்று சொல்லத் தெரியவில்லை. தூங்கும்போதும் கைக்குள் ஒரு ரொட்டித் துண்டு. என் தங்கை அதைப் பிடுங்கவில்லை. சாப்பாடு எப்போதும் கிடைக்கும் என்று அவளுக்குப் புரியும்வரை, அவள் கண்ணில் படும் இடத்தில் ஒரு கிண்ணத்தில் தின்பண்டம் வைத்தாள். இரவில் விளக்கை அணைத்ததும் குழந்தை விழித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பல பிள்ளைகளின் மூச்சுச் சத்தத்துக்கு நடுவே, விளக்கு வெளிச்சத்தில் தூங்கியவள். தனி அறையும் இருட்டும் நிசப்தமும் நமக்கு வசதி, அவளுக்குப் பயம். அவளுக்கென்று அலங்கரித்த அறையை விட்டுவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு மூவரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அவள் போட்டு வந்த பழைய சட்டையைத் துவைக்காமல் தலைமாட்டில் வைத்தார்கள். அதில்தான் அவளுக்குத் தெரிந்த வாசனை இருந்தது.

மொழியும் அப்படித்தான். அவள் காது பழகியது மொராக்கோவின் தாரிஜா அரபி. 'வா' என்பதற்கு 'ஆஜி', 'போதும்' என்பதற்கு 'ஸாஃபி' என்று சில சொற்களை இருவரும் முன்கூட்டியே கற்றிருந்தார்கள். தமிழ் பிறகு வரட்டும், முதல் நாள் அவளுக்குத் தெரிந்த சொல் ஒன்றாவது அவள் காதில் விழட்டும் என்று எண்ணினார்கள்.

ஊரில் எங்கள் உம்மாவுக்குத்தான் வருத்தம். பேத்தியைக் காட்டு என்று வீடியோ அழைப்பில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்க, மச்சான் மூன்று நாள் பொறுங்கள் என்றுவிட்டார். "என் பேத்தியை நான் பார்க்கக்கூட விட மாட்டேங்கிறாரே" என்று உம்மா சோறு உண்ணாமல் படுத்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "உம்மா, கல்யாணமாகி மாப்பிள்ளை வீட்டுக்குப் போன முதல் நாள் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குப் பதினெட்டு வயசு. அதுக்கு ஒரு வயசுதானே" என்றார். மறுநாள் தான் உடுத்திப் பழகிய நூல் சேலை ஒன்றை எடுத்துத் தொட்டில் கட்டுவதற்கென்று மடித்து வைத்தார். அந்தப் பிள்ளை முதன்முறை ஊருக்கு வந்தபோது அந்தச் சேலையில்தான் தூங்கினாள்.

சகோதரர்களே, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

குழந்தையை வாங்கும் முன் வளர்த்தவரிடம் கேளுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கும், எந்தப் பால், என்ன சாப்பாடு, எப்படித் தட்டினால் உறங்கும், எதற்குப் பயப்படும் என்று எழுதி வாங்குங்கள். முடிந்தால் வளர்த்தவரோடு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒழுங்கை முதல் சில வாரங்கள் மாற்றாதீர்கள். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது ஆகியவற்றைத் தாயும் தகப்பனும் மட்டுமே செய்யுங்கள். யார் தன்னுடையவர் என்று குழந்தை தெரிந்துகொள்வது அந்தக் கைகளால்தான். புது ஆள் யாரைக் கண்டாலும் தாவிப் போகும் பிள்ளையைப் பார்த்து, நன்றாகப் பழகுகிறாள் என்று மகிழ வேண்டாம். தனக்கென்று ஒருவர் இல்லாத பிள்ளையும் அப்படித்தான் இருக்கும். விருந்து, அழைப்பு எல்லாம் ஒரு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000ஆம் ஆண்டு வாக்கில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் தேறினார்கள். அதிலும் ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் போனவர்கள், தாயோடு பிள்ளை ஒட்டுவதுபோல் ஒட்டிக்கொள்வதில் கூடுதலாகத் தேறினார்கள். விடுதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மடி மடிதான்.

அடுத்து, பெயர். இதையும் முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும். ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மகனாக வளர்த்தார்கள். மக்கள் அவரை முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்ற கட்டளை சூரா அஹ்ஸாபில் வந்ததும் அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். பெயர் மாறியது, பாசம் குறைந்ததா? முஃதா போர்ப் படைக்கு அவரைத்தான் தளபதியாக அனுப்பினார்கள். அவருடைய மகன் உஸாமா (ரலி) மீதும் அதே பாசம். ஆகவே உண்மையை மறைத்துத்தான் அன்பு காட்ட முடியும் என்று எண்ணாதீர்கள். முதல் நாள் நடந்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதில் சிறிது சிறிதாக நீங்களே சொல்லுங்கள். கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் வாய் தவறிச் சொல்லி அறிந்துகொள்ளும் பிள்ளையின் மனம் உடைந்து போகும்.

பால்குடி உறவையும் யோசியுங்கள். இரண்டு வயதுக்குள் குழந்தைக்குப் பாலூட்டினால் மஹ்ரம் உறவு ஏற்படும். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு ஐந்து முறை வேண்டும், ஹனஃபி மத்ஹபில் ஒரு முறையே போதும். பெறாத தாய்க்கும் மருத்துவ உதவியால் பால் சுரக்கச் செய்ய வழியுண்டு. மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே கேளுங்கள். சொத்து விஷயத்தில் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம், மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் எழுதலாம். நாளைக்கு என்று தள்ளிப் போட்டால், நாம் மவுத்தான பிறகு அந்தப் பிள்ளை யார் வாசலில் நிற்கும்?

நம் நாட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தின் வழியே பாதுகாவலர் ஆகலாம். அது பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரைதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம். விரும்புபவர் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தத்தெடுக்கலாம், விரும்பாதவர் தம் மார்க்கச் சட்டப்படி நடக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் சொல்லிவிட்டது. எந்த வழி நமக்குப் பொருந்தும் என்பதை ஆலிம்களோடும் வழக்கறிஞரோடும் கலந்து முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தரகர் சொன்னார், மருத்துவமனையில் ஏற்பாடு என்று பணம் கொடுத்துக் குழந்தை வாங்காதீர்கள். குழந்தையை வாங்குவதும் விற்பதும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அப்படி வந்த பிள்ளையை என்றைக்கு யார் வந்து பிரித்துக்கொண்டு போவார்கள் என்று தெரியாது. ஒருமுறை தாயை இழந்த பிள்ளைக்கு இரண்டாம் முறையும் அந்த இழப்பை நாம் தரலாமா?

பிள்ளை வளர்க்கும் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கடமை உண்டு. பிள்ளையின் முன்னால் "இது சொந்தப் பிள்ளையா?" என்று கேட்காதீர்கள். "யார் பெத்ததோ, அதிர்ஷ்டக்காரப் பிள்ளை" என்றும் சொல்லாதீர்கள். தாயையும் ஊரையும் மொழியையும் இழந்து வந்த குழந்தையை அதிர்ஷ்டக்காரி என்பது எப்படி? அல்லாஹ் அந்த அமானிதத்தை நம் கையில் கொடுத்தானே, அதனால் அதிர்ஷ்டம் நமக்குத்தான்.

யத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவர்க்கத்தில் தம்மோடு நெருங்கியிருப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் தம் இரு விரல்களைக் காட்டிச் சொன்னதை நாம் அறிவோம். தந்தை முகம் பாராமல் பிறந்து, ஆறு வயதில் தாயையும் இழந்து, பாட்டனாரிடமும் பிறகு பெரிய தந்தை அபூதாலிபிடமும் வளர்ந்தவர்கள் அவர்கள். புது வீட்டில் முதல் இரவு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைக்காக ஏங்குவோருக்கு ஸாலிஹான பிள்ளைகளையும், வீட்டுக்காக ஏங்கும் பிள்ளைகளுக்கு இரக்கமுள்ள வீடுகளையும் அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன். கூட்டம் முடிந்ததும் சட்ட விவரம் கேட்க விரும்புவோருக்காக நம் அறக்கட்டளை அலுவலகத்தில் வழக்கறிஞரும் ஆலிம் ஒருவரும் இருப்பார்கள். தயங்காமல் வாருங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.