எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும்

கல்லீரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய நொதி ரத்தத்தில் மிகுந்தால், உள்ளே செல்கள் சிதைகின்றன என்று பொருள். லேப்களில் எல்எஃப்டி எனப்படும் கல்லீரல் பரிசோதனையில் பாதி இந்த ஒரு கருத்தில் அடங்கிவிடும். செல்கள் இயல்பாகவே முதிர்ந்து அழிவதால் நலமாக இருப்பவர் ரத்தத்திலும் இந்த நொதிகள் கொஞ்சம் இருக்கும். லிட்டருக்குச் சுமார் 40 அலகு வரை இயல்பு என்று பல லேப்கள் அச்சிடுகின்றன.

பழைய லேப் சீட்டு கைவசம் உள்ளவர் அதில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு நொதிகளின் வரிகளைத் தேடிப் பார்க்கலாம். மருத்துவ நூல்கள் இவற்றை ஏஎஸ்டி, ஏஎல்டி என்று பெயர் மாற்றி வெகுகாலம் ஆயிற்று. லேப் சீட்டுதான் பழைய பெயரை விட மறுக்கிறது. எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது. எஸ்ஜிஓடி இதயம், தசை, சிவப்பணு என்று பல இடங்களில் குடியிருப்பது.

அது இதயத்திலும் இருப்பதால்தான் இந்தச் சோதனையே பிறந்தது. 1954இல் நியூயார்க்கில் லடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்ஜிஓடி உயர்வதை அறிவித்தனர். மறு ஆண்டு கார்மென் வெளியிட்ட அளவுமுறை சற்று நின்று ரசிக்கத்தக்கது. நொதியை எடைபோட முடியாது. அது செய்யும் வேலையைத்தான் அளக்க முடியும். எஸ்ஜிஓடி உண்டாக்கும் பொருளை இன்னொரு நொதி உடனே வாங்கி மாற்றுகிறது. அப்படி மாற்றும்போது என்ஏடிஎச் என்ற துணைப்பொருள் செலவாகிறது. என்ஏடிஎச் 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியை விழுங்கும் தன்மையுடையது. ஆகவே அது தீரத் தீர, கரைசலைத் தாண்டி வரும் ஒளி கூடும். ஒளி கூடும் வேகமே நொதியின் அளவு. இன்றைய தானியங்கிக் கருவிகளுக்குள்ளும் ஓடுவது இதே தந்திரம்தான்.

கல்லீரலுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் இத்தாலியின் நேப்பிள்ஸைச் சேர்ந்த டி ரிடிஸ். வைரஸ் காமாலையில் இந்த நொதிகள் உயர்வதை 1955இல் காட்டிய அவருடைய குழு, 1957இல் எஸ்ஜிஓடியை எஸ்ஜிபிடியால் வகுத்துப் பார்த்தது. அந்த விகிதத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வைரஸ் காமாலையில் இரண்டும் ஆயிரத்தைத் தாண்டலாம். ஆனால் எஸ்ஜிபிடி முந்தி நிற்கும், விகிதம் ஒன்றுக்குக் கீழே. குடியால் வந்த ஈரல் அழற்சியில் எண்கள் பெரும்பாலும் சில நூறுக்குள் அடங்கும். விகிதம் மட்டும் இரண்டைத் தாண்டும். எஸ்ஜிபிடி செயல்பட பி6 வைட்டமின் வேண்டும். நெடுநாள் குடிப்பவர் உடலில் அது வற்றிப்போவதே இதற்கு ஒரு காரணம். சீட்டில் 160, 70 என்று பார்த்த மருத்துவர் குடியைப் பற்றி இரண்டாம் முறை விசாரிப்பது இதனால்தான்.

ஏமாற்றும் சீட்டுகளும் உண்டு. கடும் உடற்பயிற்சிக்கு மறுநாள் எடுத்த ரத்தத்தில் தசையின் எஸ்ஜிஓடி ஏறியிருக்கும். குழாயிலேயே சிவப்பணு உடைந்தாலும் எண் உயரும். அப்போது ரத்தத்தை மறுபடி எடுப்பதே வழி. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற வேறொரு நொதி உயர்ந்தால் பித்தக்குழாய் அடைப்பை நினைக்கவேண்டும். ஆனால் அது எலும்பிலிருந்தும் வரும். கூடவே ஜிஜிடி என்ற நொதியும் உயர்ந்திருந்தால் சந்தேகம் ஈரல் பக்கம் திரும்பும்.

நொதி எண்கள் சேதத்தைச் சொல்லும், ஈரலின் திறனைச் சொல்லா. சிரோசிஸ் முற்றிய ஈரலிலும் அவை இயல்பாக இருக்கலாம். திறனை அறிய, ஈரல் உண்டாக்கும் புரதமான அல்புமினையும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தையும் பார்க்கவேண்டும். திடீரென்று ஈரல் செயலிழக்கும் நோயாளிக்கு எஸ்ஜிபிடி 5000இலிருந்து 500க்கு இறங்கும்போது உறவினர் நிம்மதி அடைவர். அதே நாளில் ரத்தம் உறையும் நேரம் நீண்டுகொண்டே போனால் மருத்துவர் முகம் இறுகும்: கசிவதற்கு அங்கே செல்கள் மிஞ்சவில்லை.