சின்னக் கைகளும் சரியான கட்டும்

(தாங்குவோர் கூடுகையில் எங்கள் மருத்துவமனையின் சார்பில் ஆற்றிய உரை)



பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் எலும்பு முறிவுப் பிரிவில் பிள்ளைகளின் கூட்டம் பெருகும். கொய்யா மரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழும் பிள்ளை கையை ஊன்றியே விழுகிறது. பாரமெல்லாம் மணிக்கட்டுக்குச் சற்று மேலேயுள்ள எலும்பில் இறங்குகிறது.

பிள்ளைகளின் எலும்பை ஆண்டவர் தனி விதமாய் உண்டாக்கியிருக்கிறார். காய்ந்த சுள்ளி படீரென்று ஒடியும். பச்சை வேப்பங்குச்சியோ ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்கும். பிள்ளைகளின் எலும்பும் அப்படியே. சில வேளை பிளவே இல்லாமல் ஓரம் நசுங்கிப் புடைத்திருக்கும். மணிக்கட்டருகே எலும்பு வளரும் பகுதி இருப்பதால், சிறு வயதில் சற்று வளைந்து கூடிய எலும்பும் வளர வளர நேராகிவிடும்.

ஆனால் இறுக்கமான கட்டை இளங்கை தாங்காது. ஒரு நாள் விடியற்காலையில் எட்டு வயதுச் சிறுவனைத் தூக்கிவந்தார்கள். முந்தின மாலை மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். விரல்கள் வீங்கிச் சில்லிட்டிருந்தன. உடனே கட்டை வெட்டினோம். சிறிது நேரத்தில் விரல் நுனிகள் சிவந்தன. "ராத்திரி முழுக்க வலிக்குதுன்னு அழுதான்யா, நான்தான் பொறுத்துக்கோன்னு சொன்னேன்" என்று தாய் கதறினார். இன்னும் தாமதித்திருந்தால் தசைகள் செத்து, விரல்கள் மடங்கியே போயிருக்கும். கட்டுப் போட்டபின் வலி கூடினாலும், விரல் மரத்தாலும், விரலை நீட்டும்போது பிள்ளை துடித்தாலும் ஒரு மணி நேரமும் காத்திராதிருங்கள். இதை உங்கள் சபைகளில் சொல்லுங்கள்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. ஓரம் நசுங்கிய முறிவுக்கும் நாங்கள் வழக்கமாக மாவுக்கட்டே போட்டோம். அதைப் பிரிக்க ஏழைப் பெற்றோர் கூலியை இழந்து, பஸ் ஏறி மறுபடி வந்தார்கள். பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 4 முதல் 15 வயது வரையிலான 965 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. மென்மையான துணிக்கட்டுப் போட்டவர்களும் கெட்டியான பட்டை கட்டியவர்களும் ஒன்றுபோலவே குணமானார்கள். இப்போது இவ்வகை முறிவுக்குத் துணிக்கட்டே போடுகிறோம். தாயே வீட்டில் அவிழ்த்துவிடலாம்.

எலும்பு மிகவும் விலகியிருந்தால் கதை வேறு. மயக்க மருந்து கொடுத்து, நேராக்கி, மாவுக்கட்டுப் போட வேண்டும். அது மறுபடி விலகக்கூடும் என்பதால் ஒரு வாரத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பஸ் செலவுக்கு வழியின்றி அந்த வாரம் வராமல் போகும் பிள்ளைகளே எங்கள் பாரம்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை அந்த எக்ஸ்ரேவாகவும் பஸ் சீட்டாகவும் மாறுகிறது. அந்தச் சிறுவன் இன்று பென்சில் பிடித்து எழுதுகிறான். இந்த ஊழியத்தை ஜெபத்தில் தொடர்ந்து தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.