உயிரணுவின் வாயிற்காப்பு



நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லியதொரு சவ்வு சூழ்ந்துள்ளது. நாம் உண்ணும் மருந்துகளுள் பல, இச்சவ்வைக் கடந்தே தம் பணியைச் செய்ய வேண்டும். எது கடக்கும், எது கடவாது என்பதைத் தீர்மானிப்பது யாது?

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவர்ட்டன் என்னும் அறிஞர், எண்ணெயில் எளிதிற் கரையும் பொருள்கள் உயிரணுவினுள் விரைந்து புகுவதைக் கண்டார். சவ்வு கொழுப்புத் தன்மையுடையது என்பது அவர் கொண்ட முடிவு. அக்கொழுப்பு இரண்டு அடுக்காக அமைந்துள்ளது என்று 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் ஆகிய இருவரும் கூறினர்.

எனினும், சவ்வு கிண்ணத்து எண்ணெயைப் போன்றதன்று. அதில் கொழுப்பு மூலக்கூறுகள் தம் வால்களை உள்நோக்கி நீட்டி அணிவகுத்து நிற்கின்றன. அவ்வணி எவ்வளவு நெருக்கமானது என்பதே முக்கியம். டில்லியில் வாழும் நம்மவர் இதன் சாயலை மார்கழிக் குளிரில் காணலாம். தேங்காயெண்ணெய் புட்டியிலேயே உறைந்துவிடுகிறது, கடுகெண்ணெய் உறைவதில்லை. முன்னதன் கொழுப்பு வால்கள் பெரும்பாலும் நேரானவை. விறகுக் குச்சிகளைப் போல் நெருங்கி அடுங்குகின்றன. பின்னதன் வால்கள் இரட்டைப் பிணைப்புள்ள இடத்தில் வளைந்திருப்பதால் அவ்வாறு அடுங்குவதில்லை. சவ்வுக்கும் இதுவே நியதி. வளைந்த வால்கள் மிகுந்தால் சவ்வு நெகிழும். நேரான வால்கள் மிகுந்தாலும், கொலஸ்டிரால் இடையே புகுந்தாலும் அணி நெருங்கும்.

திருவிழா நெரிசலில் சிறுவன் நுழைந்து போய்விடுவான்; பருத்தவர் திகைத்து நிற்பார். சவ்விலும் மூலக்கூறு சற்றே பெரிதானாலும் கடக்கும் வேகம் வெகுவாகக் குறைகிறது. 1969-இல் லீப், ஸ்டைன் ஆகியோர் இதனை எடுத்துக்காட்டினர்.

இதனை நன்கு பயன்படுத்திக்கொண்ட பகை, காசநோய்க் கிருமி. 60 முதல் 90 வரை கார்பன் அணுக்கள் கொண்ட மைகாலிக் அமிலங்களை நெருக்கமாக அடுக்கி, அது தனக்கு மெழுகுக் கோட்டை எழுப்பியுள்ளது. பல மருந்துகள் அக்கோட்டையைக் கடக்க இயலாமல் தளர்கின்றன. 17 அணுக்களே கொண்ட ஐசோநியாசிட் என்னும் சிறு மருந்தோ, உள்ளே புகுந்து, மைகாலிக் அமிலம் உருவாவதையே தடுத்துவிடுகிறது. இம்மருந்தை உட்கொண்ட கூட்டுச் சிகிச்சையை வீட்டிலிருந்தே பெற்றாலும், மருத்துவமனையில் தங்கிப் பெறுவதற்கு நிகரான பயன் விளையும் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு 1959-இல் உலகுக்கு அறிவித்தது.

ஆகவே, மருந்தின் வலிமையை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அது கடக்க வேண்டிய வாயிலின் நெருக்கத்தையும் அறிய வேண்டும். அவ்வறிவே புதிய மருந்துகளுக்கு வழிகாட்டும்.